டிஸ்க் லேத் போடும் முன் ஹப்பைத் துடையுங்கள்

ஒரு கோணிப்பையைத் திறந்து இரண்டு பிரேக் டிஸ்க்கை என் பட்டறை மேசையில் வைத்தான் அந்தத் தம்பி. நல்லம்பள்ளி பக்கம், டிராவல்ஸ் கார் ஓட்டுகிறான்.

"அண்ணா, தொப்பூர் கணவாய் இறங்கும்போது பிரேக் பெடல் காலை உதைக்குது. ஸ்டீயரிங் கையில நிக்க மாட்டேங்குது. கழட்டியே எடுத்துட்டு வந்துட்டேன். லேத் போட்டுக் குடுங்க, சாயந்தரம் ஒகேனக்கல் டிரிப் இருக்கு."

டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தேன். தொப்பி போல மேலெழுந்திருக்கும் நடுப்பகுதியின் ஓரத்தில் 21.50 என்று பொறித்திருந்தது. அது என் எழுத்து. லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், முகத்தைச் சீவி முடித்த கனத்தை டிஸ்க்கில் பொறித்துக் கொடுப்பது என் வழக்கம். ரிஜிஸ்டரைப் புரட்டினேன். சரியாக எட்டு மாதம் முன்பு இதே ஜோடியை இதே புகாருக்காக நான்தான் சீவிக் கொடுத்திருக்கிறேன்.

"அப்போ போட்டது எப்படிப்பா இருந்துச்சு?"

"மூணு மாசம் வெண்ணெய் மாதிரி இருந்துச்சுண்ணா. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிச்சுது."

உடனே லேத்தின் பிடியான சக்கில் மாட்டிச் சீவியிருந்தால் ஒரு மணி நேர வேலை. காசும் கிடைத்திருக்கும். ஆனால் மூன்று மாதம் நன்றாக இருந்து பிறகு திரும்புகிற நோய் டிஸ்க்கில் மட்டும் இருக்க முடியாது. "இதை எடுத்துக்கிட்டுப் போ. திருப்பி மாட்டி, வண்டியோட வா. டிரிப்பை வேற வண்டிக்குக் கைமாத்தி விடு" என்றேன். முகம் சுருங்கியது. ஆனாலும் போனான்.

ஏன் வண்டியோடு வரச் சொன்னேன் என்பதுதான் இந்தப் பதிவில் முக்கியமான விஷயம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெடல் உதைத்தால் எல்லோரும் சொல்வது "டிஸ்க் வளைஞ்சு போச்சு". ரோட்டில் ஓடும் காரில் டிஸ்க் அப்படி எளிதில் வளைவதில்லை. பெரும்பாலும் நடப்பது வேறு. டிஸ்க்கும் வீலும் மாட்டப்படும் நடுப்பகுதிதான் ஹப். டிஸ்க் அதன் மேல் நேராக உட்காராமல் ஒரு மயிரிழை சாய்ந்து உட்காருகிறது. வீல் சுற்றும்போது டிஸ்க்கின் விளிம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். பட்டறையில் இதை 'அவுட்' என்போம். புகார் அவுட்டால் நேரடியாக வருவதில்லை. டிஸ்க்கை இரு பக்கமும் பேடால் அழுத்திப் பிடிக்கும் காலிபர் மிதக்கிற வகை என்பதால் அந்தச் சின்ன ஆட்டத்தோடு அதுவும் சேர்ந்து நகர்ந்து கொடுத்துவிடும், காலுக்குத் தெரியாது. ஆனால் பிரேக்கில் கால் வைக்காமல் ஓடும்போதும், டிஸ்க்கின் அதே மேட்டுப் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேடை லேசாக உரசிவிட்டுப் போகும். டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 500 சுற்று. 10,000 கிலோமீட்டருக்குள் 50 லட்சம் உரசல். அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிகிறது. இப்போது டிஸ்க் ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் இருக்கும். பிரேக் பிடித்ததும் பேட் அந்த மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும், பிஸ்டன் உள்ளே போய் வரும், எண்ணெய் வழியாக அந்த அடி காலுக்கு வந்து சேரும்.

ஆக, லேத் போட்டால் கனம் சமமாகிவிடும், உதை நின்றுவிடும். சாய்வு அப்படியே இருந்தால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடியும் தேய ஆரம்பிக்கும். தம்பி சொன்ன மூன்று மாதத்துக்குக் கணக்கு இதுதான். எட்டு மாதம் முன்பு நான் டிஸ்க்கை மட்டும் பார்த்தேன், ஹப்பைக் கண்ணால் கூடப் பார்க்கவில்லை. நான் சீவிய இரும்பு வீண்.

மறுநாள் காலை வண்டி வந்தது. ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு வைத்து, முன் வீல் இரண்டையும் கழற்றினேன். காலிபரை எடுத்து ஹோஸில் தொங்கவிடாமல் ஸ்பிரிங்கோடு கம்பியால் கட்டினேன். டிஸ்க்கை அசைக்காமல், வீல் நட்டுகளைத் தடித்த வாஷர் வைத்து முறுக்கினேன். வீல் இல்லாதபோது டிஸ்க் ஹப்பில் சும்மாதான் தொங்கிக்கொண்டிருக்கும். அப்படியே அளந்தால் வருகிற எண் பொய். மேக்னட் பேஸை ஷாக் அப்சார்பரின் அடிப்பகுதியில் ஒட்டி, டயல் கேஜின் முனையை டிஸ்க்கின் வெளி விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே வைத்தேன்.

கையால் மெதுவாகச் சுற்றினேன். டிரைவர் பக்கம் ஊசி பதினான்கு கோடு ஓடியது. ஒரு கோடு 0.01 மி.மீ., அதாவது 0.14. பொதுவாக 0.05-க்குள் இருந்தால் எனக்கு நிம்மதி. 0.10 தாண்டினால் எந்தக் கம்பெனி வண்டியானாலும் புகார் வரப்போகிறது என்று அர்த்தம். இடது பக்கம் 0.06.

சாக்பீஸால், வீல் நட்டு ஏறும் ஸ்டட்டிலும் டிஸ்க் ஓட்டையிலும் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். எந்த ஸ்டட்டில் எந்த ஓட்டை இருந்தது என்பது பிறகு வேண்டும். அதன்பின் மைக்ரோமீட்டர். கனத்தை அளக்க வெர்னியர் ஆகாது என்பதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. பேட் படாத வெளி விளிம்பில் துருவும் பழைய கனமும் சேர்ந்து ஒரு வரப்பு நிற்கும். வெர்னியரின் தாடை அந்த வரப்பின் மேல் உட்கார்ந்து அதிகக் கனம் காட்டும். மைக்ரோமீட்டர் வரப்பைத் தாண்டி உள்ளே போய்ப் பிடிக்கும். டிஸ்க்கை எட்டுப் பங்காகப் பிரித்து ஒவ்வொரு இடத்திலும் அளந்தேன். டிரைவர் பக்கம் 21.34, 21.33, 21.34, 21.36, 21.38, 21.37, 21.36, 21.34. மெல்லிய இடத்துக்கும் கனத்த இடத்துக்கும் 0.05 வித்தியாசம். படித்தால் ஒன்றுமில்லாத எண்தான். ஆனால் கனத்தில் 0.02 வித்தியாசம் வந்தாலே காலுக்குத் தெரிய ஆரம்பிக்கும். இடது பக்கம் எல்லா இடமும் 21.40, 21.41. அந்த டிஸ்க்கில் குற்றமே இல்லை.

இந்த டிஸ்க்கின் புதுக் கனம் 22 மி.மீ. குறைந்தபட்சக் கனம் 20 என்று வார்ப்பிலேயே அச்சிட்டிருக்கிறது. இந்த அச்சைத் தேடிப் பார்க்காமல் யாரும் சக்கை இறுக்கக் கூடாது. 20 என்பது லேத் போட்டு நிறுத்த வேண்டிய எண் அல்ல, டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டிய எண். லேத்திலிருந்து இறங்கும் டிஸ்க் அடுத்த பேட் செட் தேயும்வரை 20-க்குக் கீழே போகாத அளவு கனத்தோடு இறங்க வேண்டும். 20.4 என்று வந்திருந்தால் புதுசு வாங்கச் சொல்லியிருப்பேன். மெல்லிய டிஸ்க் சீக்கிரம் சூடேறும், விரிசல் விடும்.

கழற்றிய டிஸ்க்கைக் கம்பியில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினேன். சந்தையில் பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்பது போலத்தான். நல்ல வார்ப்பு கணீரென்று நீண்டு ஒலிக்கும், விரிசல் உள்ளது 'டொக்' என்று அடங்கிவிடும். இரண்டும் கணீரென்றன. சந்தேகம் இருந்தால் மண்ணெண்ணெய் தடவி, ஐந்து நிமிடம் விட்டுத் துடைத்து, சாக்பீஸ் பொடி பூசினால் விரிசல் இருக்கும் இடத்தில் எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். சூட்டினால் வரும் மெல்லிய ரோமக் கோடுகள் மேலோட்டமாக இருந்தால் சீவும்போது போய்விடும். ஆழமாக ஓடுவதோ, வெளி விளிம்புவரை வந்து நிற்பதோ, போல்ட் ஓட்டையில் ஆரம்பிப்பதோ இருந்தால் அந்த டிஸ்க் ஸ்கிராப்புக்குத்தான் போக வேண்டும், யார் கெஞ்சினாலும்.

சரி, இப்போது ஹப். டிஸ்க் உட்காரும் முகத்தில் செம்பழுப்புத் துரு வட்டமாகப் படிந்திருந்தது. பார்த்தால் சீரான துரு போலத்தான் இருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது, இரண்டு ஸ்டட்டுக்கு நடுவில், விளிம்பை ஒட்டி, கொத்தமல்லி இலை அளவுக்கு ஒரு செதில் மட்டும் பளபளத்தது. டிஸ்க் அழுத்தி அழுத்தி அதன் தலையை மெருகேற்றியிருக்கிறது. டிஸ்க்கின் உள்முகத்தில் அதற்கு நேராக அதே வடிவத்தில் ஒரு தழும்பு. பிளேடு நுனியால் கிளப்பினேன். பாதி பொடியாகிவிட்டது. மீதியை மைக்ரோமீட்டரில் வைத்தேன்: 0.05.

தம்பியின் உள்ளங்கையில் அதைப் போட்டேன். தலைமுடியை விட மெல்லிசு. "இதாண்ணா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். கணக்குப் போட்டுக் காட்டினேன். ஹப் முகத்தின் விட்டம் 130 மி.மீ. அதன் ஒரு ஓரத்தில் 0.05 தூக்கினால், 236 மி.மீ. விட்டத்தில் வைத்து அளக்கும் டயலில் அது 0.09-ஆகப் பெருகும். துடைத்தபின் 0.14 என்பது 0.05-க்கு இறங்க வேண்டும்.

துடைப்பதற்கு ஒரு கைவேலைக் கருவி வைத்திருக்கிறேன். ஸ்டட்டைச் சுற்றியுள்ள மூலையில் வயர் பிரஷ் நுழையாது, துரு தங்குவதும் அங்கேதான். ஸ்டட்டின் மேல் தாராளமாக நுழையும் பைப் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனையில் ஹாக்சா பிளேடால் பல் வெட்டி, மறுமுனையில் டிரில் மெஷினில் பிடிக்க ஒரு கம்பி வெல்டு வைத்துக்கொண்டேன். ஸ்டட்டில் நுழைத்து மெதுவாகச் சுற்றினால் சுற்றிலும் வெள்ளி வளையமாக இரும்பு வெளியே வரும். மற்ற இடத்துக்குக் கப் பிரஷ், அப்புறம் 120 நம்பர் எமரித் தாள். ஃபைல் எடுக்கவே கூடாது. ஹப் முகம் தொழிற்சாலையில் பேரிங்கோடு ஒத்துப்போகும்படி முடித்தது, நாம் ராவினால் புதுச் சாய்வு உண்டாகும். நடுவிலுள்ள வட்ட மேட்டையும், டிஸ்க்கின் உள்முகத்தையும் அதேபோலத் துடைத்தேன். துருப் பிடிக்காமல் இருக்கட்டும் என்று சிலர் அந்த முகத்தில் கிரீஸை வழித்துப் பூசுகிறார்கள். அதுவும் ஒரு செதில்தான், ஈரமான செதில்.

வெற்று ஹப்பின் முகத்தில் டயல் வைத்துப் பார்த்தேன், 0.01. பேரிங் நல்ல நிலையில் இருக்கிறது. டிஸ்க்கை அதே ஸ்டட்டில் மாட்டி அளந்தேன். 0.05. தம்பி கேட்காமலே போனை எடுத்து ஊசியைப் படம் பிடித்துக்கொண்டான்.

இனிதான் லேத் வேலை. கனத்தில் 0.05 வித்தியாசம் இருக்கிறது, அதைச் சீவித்தான் ஆக வேண்டும்.

எட்டு மாதம் முன்பு செய்ததை இப்போது நினைத்தால் மனது உறுத்துகிறது. டிஸ்க்கின் தொப்பிப் பகுதியை மூன்று ஜா சக்கில் வெளியிலிருந்து கவ்வி ஒரு முகத்தைச் சீவினேன், திருப்பிப் போட்டு மறு முகத்தைச் சீவினேன். தொப்பியின் வெளிப்புறம் வார்ப்பில் வந்தபடியே இருக்கும் கரடுமுரடான இடம். அதைப் பிடித்தால் டிஸ்க் லேத்தின் அச்சுக்கு நேராக நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. திருப்பிப் போட்டால் இரண்டு முகத்துக்கும் இரண்டு அச்சு. வண்டியில் டிஸ்க் எந்த முகத்தில் உட்காருகிறதோ அதே முகத்தில், எந்த ஓட்டையில் நடுப்படுகிறதோ அதே ஓட்டையில் லேத்திலும் உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே பிடிப்பில் முடிய வேண்டும்.

அதற்காக ஒரு பொய் ஹப் செய்தேன். இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய தடித்த உருண்டையில் 130 மி.மீ. தட்டும், அதன் நடுவில் டிஸ்க்கின் ஓட்டைக்கு 0.02 மட்டும் தளர்வாக நுழையும் மேடும், பின்னால் சக்கில் பிடிக்கத் தண்டும் கடைந்தேன். தண்டை நீளமாக விட்டு, தட்டு சக்கிலிருந்து 120 மி.மீ. வெளியே நிற்கும்படி வைத்தேன். டிஸ்க்கின் உட்பக்க முகம் சக்கைப் பார்த்துத்தான் இருக்கும். அதற்கும் சக்குக்கும் நடுவில் டூல் நுழைய இடம் வேண்டுமே. நீளம் கூடினால் அதிரும் என்பதால் முன் முனையில் செண்டர் போட்டு, லேத்தின் மறு முனையிலுள்ள டெயில் ஸ்டாக்கால் தாங்கினேன். தட்டில் வீல் போல்ட் அளவுக்கு நான்கு ஓட்டை போட்டு மரை எடுத்தேன். சக்கில் பிடித்த பிறகு தட்டின் முகத்தை அதே லேத்தில் 0.05 சீவிவிட்டுத்தான் டிஸ்க்கை மாட்டுவேன். ஒவ்வொரு தடவையும் சீவுவேன். சக்கில் கழற்றி மாட்டிய எதுவும் பழையபடி நேராக வரும் என்று நம்பக் கூடாது. சீவியபின் டயல் ஊசி அசையவில்லை.

டிஸ்க்கை மாட்டி நான்கு போல்ட்டையும் எதிரெதிராகச் சமமாக முறுக்கினேன். அப்புறம் பெரிய ஆட்களிடம் கற்ற ஒரு சோதனை. டூலை முகத்தை நோக்கி மெல்லக் கொண்டுபோய், லேசாக ஒரு கீறல் மட்டும் போட வேண்டும். டிஸ்க் சாய்ந்திருந்தால் கீறல் முழு வட்டமாக விழாது, பிறை போல ஓரிடத்தில் மட்டும் விழும். இப்போது போல்ட்டைத் தளர்த்தி, டிஸ்க்கை மட்டும் அரை வட்டம் திருப்பி மாட்டி, பக்கத்திலேயே இன்னொரு கீறல். இரண்டு பிறையும் டிஸ்க்கின் ஒரே இடத்தில் விழுந்தால் குற்றம் டிஸ்க்கில் இருக்கிறது, தாராளமாகச் சீவலாம். எதிரெதிர்ப் பக்கத்தில் விழுந்தால் நம் பிடிப்பு கோணல், சீவினால் நல்ல டிஸ்க்கையும் கெடுப்போம். இரண்டு பிறையும் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்தன. நிம்மதியாக இருந்தது.

டிஸ்க் சாம்பல் வார்ப்பிரும்பு. அதற்குள் கிராஃபைட் செதில் செதிலாகக் கலந்திருப்பதால் சுருள் வராது, பொடிதான் உதிரும். கூலண்ட் வேண்டாம், உலர்வாகவே சீவலாம். கூலண்ட் விட்டால் பொடி சேறாகி லேத் படுகையில் அப்பிக்கொண்டு அரைக்கும். படுகையின் மேல் அட்டை விரித்துக்கொண்டேன், முகத்துக்கு மாஸ்க். துணியும் கையுறையும் சுற்றும் டிஸ்க்கின் பக்கமே போகக் கூடாது. டூல் கே 20 கார்பைட், மூக்கு லேசாக உருண்டது. எஃகுக்குப் போடும் பி வகை டிப் வார்ப்பிரும்பில் சீக்கிரம் மழுங்கிவிடும். டிஸ்க்கின் விட்டம் 256 மி.மீ.; நிமிடத்துக்கு 115 சுற்றில் வெளி விளிம்பில் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 92 மீட்டர் வரும். இந்த இரும்புக்கு அது தோதான வேகம்.

காற்றுப்பாதை உள்ள டிஸ்க் என்பதால் மணி போல ஒலிக்கும். அந்த ஒலி இருந்தால் முகத்தில் மீன் செதில் மாதிரி தழும்பு விழும். பழைய ட்யூபை இரண்டு விரல் அகலப் பட்டையாக வெட்டி, வெளி விளிம்பைச் சுற்றி இறுக்கமாகப் போட்டேன். ஒலி அமுங்கிவிட்டது.

முதல் வெட்டு பக்கத்துக்கு 0.08. 'சர்ர்... ம்... சர்ர்... ம்...' என்று விட்டு விட்டுக் கேட்டது. மேடு வரும்போது வெட்டுகிறது, பள்ளத்தில் டூல் காற்றில் நிற்கிறது. நடுவிலிருந்து வெளியே போகப் போக அந்த இடைவெளி குறைந்து, கடைசியில் 'சர்ர்ர்' என்று ஒரே சீராக ஓடியபோது அது போதும் என்று தெரிந்துவிட்டது. கண்ணை விடக் காதுக்குத்தான் முதலில் தெரியும். உள்முகத்துக்கு வளைந்த டூலைச் சக்குப் பக்கமிருந்து நுழைத்து அதே 0.08. உள்முகத்தில் ஓரிடத்தில் நீலம் பூத்த புள்ளி ஒன்று இருந்தது. சூட்டில் இரும்பின் அமைப்பே மாறிக் கடினமாகிப்போன இடம். டூல் அதன்மேல் ஏறும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். சீவியபின் விரலால் தடவிப் பார்த்தேன், மேடு தட்டுப்படவில்லை, ஆழமில்லாத புள்ளி. ஆழமானதாக இருந்தால் எத்தனை தடவை சீவினாலும் அடுத்த சூட்டில் அது தனியாக மேலே எழும். அப்படிப்பட்ட டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இரண்டாவது வெட்டு 0.04. ஃபீட், அதாவது டூல் நகரும் தூரம், சுற்றுக்கு 0.06 மி.மீ. ஒரு முகத்துக்கு ஏழு நிமிடம் ஆகும். இந்த ஏழு நிமிடத்தில் லீவரைத் தொடாமல் பொறுமையாக நிற்க வேண்டும். ஃபீடைக் கூட்டினால் முகத்தில் கிராமபோன் தட்டு மாதிரி சுருள் வரி விழும். பிரேக் பிடிக்கும்போது பேட் அந்த வரியில் ஏறி ஓரமாக இழுபட்டு 'டக்'கென்று திரும்பி விழும். மெல்லிய ஃபீடிலும் அந்த வரி கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதைக் கலைக்க, லேத்தை ஓடவிட்டு, தட்டையான மரக்கட்டையில் சுற்றிய 120 நம்பர் எமரித் தாளை ஒவ்வொரு முகத்திலும் ஒரு நிமிடம் குறுக்கும் நெடுக்குமாக நகர்த்தினேன். வட்ட வரிகள் போய் முகம் முழுக்க மங்கலான வெள்ளி நிறம் வந்தது.

கழற்றும் முன் டயல் வைத்தேன், ஊசி அரைக் கோடு கூட நகரவில்லை. எட்டு இடத்திலும் மைக்ரோமீட்டர் 21.11. இடது டிஸ்க்கைச் சீவத்தான் வேண்டுமா என்று கொஞ்சம் யோசித்தேன். குற்றமில்லாத இரும்பைக் குறைப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் பேட் நான்கும் புதுசு போடுகிறோம். ஒரு பக்கம் புது முகம், மறு பக்கம் பழைய பேட் படிவோடு பளபளக்கும் முகம் என்றால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். பக்கத்துக்கு 0.05 மட்டும் எடுத்து அதே எமரி போட்டேன், 21.30-இல் நின்றது.

அடுத்த வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டிஸ்க்கைச் சோப்புத் தண்ணீரில் நார் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். ஸ்பிரே அடித்துத் துடைத்தால் எண்ணெய் போகும், வெட்டுக் கோடுகளில் புதைந்த இரும்புப் பொடி போகாது. முதல் அலசலில் தண்ணீர் மை போலக் கறுத்து ஓடியது. மூன்றாவது அலசலில் வெள்ளைத் துணியில் அழுக்கு ஒட்டவில்லை. உடனே காற்றடித்து உலர்த்திவிட வேண்டும். கண்ணெதிரிலேயே துருப் பூக்கும்.

காலிபர் பின்களில் டிரைவர் பக்கக் கீழ்ப் பின் இறுகியிருந்தது. உள்பேட் வெளிப்பேடை விட அதிகம் தேய்ந்திருந்ததைப் பார்த்தபோதே சந்தேகப்பட்டேன். துடைத்து, சிலிகான் கிரீஸ் வைத்ததும் விரலால் தள்ளினாலே ஓடியது. பிரேக் ஆயில் கறுத்திருந்ததால் டாட் 4 ரக ஆயில் மாற்றினோம். புதுசு 230 டிகிரியில் கொதிக்கும். காற்றின் ஈரத்தைக் குடித்துப் பழையதானால் 155-க்கே வந்துவிடும். தொப்பூர் இறங்குகிற வண்டிக்கு அந்த வித்தியாசம் பெரிசு.

எவ்வளவு பெரிசு என்று தம்பியிடம் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினேன். ஆட்களோடு 2,000 கிலோ வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறக்குறைய 20 லட்சம் ஜூல் சக்தியை எங்காவது செலவழித்தாக வேண்டும். முன் டிஸ்க் இரண்டும் சேர்ந்து 14 கிலோ. அவ்வளவையும் அவையே வாங்கினால் 280 டிகிரி ஏறிவிடும். காற்றும் பின் பிரேக்கும் கொஞ்சம் பங்கு எடுக்கும். இன்ஜினும் பெரிய பங்கு எடுக்கும், ஆனால் கியரில் இருந்தால்தான். பாளையம் டோல்கேட் தாண்டியதும் டீசல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் அந்தப் பங்கையும் டிஸ்க்கின் தலையில் போடுகிறார்கள். இரட்டைப் பாலம் பக்கம் நடந்த விபத்துகளைப் பற்றித் தர்மபுரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"நீ நியூட்ரல்ல விடுவியாப்பா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "முன்ன விடுவேன்ணா. இனிமே மூணாவது கியர்."

இன்னொன்றும் கேட்டேன். ஒகேனக்கல் இறங்கிப் போனதும் வீலில் தண்ணீர் அடிக்கிற பழக்கம் உண்டாம். சுடச்சுட இருக்கும் வார்ப்பிரும்பின் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசலுக்கு நாமே வழி போட்டுக் கொடுக்கிறோம். அதேபோல இறங்கி நின்றதும் பிரேக்கை அழுத்தியபடியே காத்திருந்தால், பேடின் பொருள் சூட்டில் டிஸ்க்கில் அச்சாக ஒட்டிக்கொள்ளும். கை பிரேக் போட்டுவிட்டுக் காலை எடுத்துவிடச் சொன்னேன்.

டிஸ்க்கைச் சாக்பீஸ் கோடு பார்த்து மாட்டி டயல் வைத்தேன். டிரைவர் பக்கம் 0.02. இடதில் முதலில் 0.04 காட்டியது, ஒரு ஓட்டை தள்ளி மாட்டியதும் 0.02 ஆனது. வீல் நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கவில்லை. டார்க் ரெஞ்ச் வைத்து, எதிரெதிராக, இரண்டு சுற்றாக இறுக்கினேன். ஒரு நட்டு அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் இறுகினால் இவ்வளவு நேரம் நேராக்கிய டிஸ்க்கை நாமே சாய்த்துவிடுவோம். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதித்தோம்.

மறுநாள் விடியற்காலை ஆள் நடமாட்டம் இல்லாத ரோடாகப் பார்த்து இருவரும் போனோம். 60-இலிருந்து 10-க்கு, முழுக்க நிறுத்தாமல், மிதமாகப் பத்துத் தடவை பிடித்தோம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஆற இடைவெளி விட்டோம். புது பேட் டிஸ்க்கில் சீராகப் படிய இது வேண்டும். அப்புறம் தொப்பூர். மூன்றாவது கியரில் இறங்கினான். லாரிகள் இடது ஓரம் ஊர்ந்துகொண்டிருந்தன. முதல் வளைவுக்கு முன் பிரேக்கில் கால் வைத்தவன், ஸ்டீயரிங்கிலிருந்து பிடியைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தான். ஆடவில்லை. என் பக்கம் திரும்பாமலே "அண்ணா..." என்றான், மேலே எதுவும் சொல்லவில்லை.

லேத் கூலி வாங்கவில்லை. பேடுக்கும் ஆயிலுக்கும் கடை பில் மட்டும். அவன் என் சட்டைப் பையில் பணத்தைத் திணித்தபோது "எட்டு மாசம் முன்னாடியே குடுத்துட்ட" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அன்று இரவு ரிஜிஸ்டரை எடுத்து, பொய் ஹப் இல்லாமல் சக்கில் கவ்விச் சீவிய டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் குறித்தேன். ஒரு வருடத்தில் பதினோரு ஜோடி. எல்லோருக்கும் போன் போட்டேன். ஏழு பேர் நன்றாகத்தான் ஓடுகிறது என்றார்கள். ஒருவர் வண்டியை விற்றுவிட்டார். அரூரில் ஒருவர், பாலக்கோட்டில் இருவர், "ஆமாங்க, மறுபடியும் லேசா அடிக்குது, நாங்களே கூப்பிடலாம்னு இருந்தோம்" என்றார்கள். அரூர் வண்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அதன் ஸ்டட் இதைவிடத் தடிமன், பைப் துண்டு ஒரு சைஸ் பெரிதாக வெட்டி வைத்திருக்கிறேன்.